ஏற்றால்தான் நிமித்தம்

ஆங்கிலத்தில் 'ஆமினஸ்' என்று ஒரு சொல் உண்டு. பங்குச் சந்தை சரிவதற்கு முன்பும், எல்லையில் படை குவியும்போதும், நோயாளியின் அறையில் மருத்துவர் பேச்சை நிறுத்தும்போதும் ஆங்கிலப் பத்திரிகையாளரும் கதாசிரியரும் கையில் எடுப்பது அதைத்தான். ஏதோ கெட்டது நெருங்குகிறது, தடுக்க வழியில்லை என்ற திகிலை அது ஒன்றே கொண்டுவந்துவிடும். தமிழில் எழுதுவோர் 'தீநிமித்தமான' என்றோ 'அபசகுனமான' என்றோ பெயர்க்கிறார்கள். இன்றைய ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். அந்தச் சொல் பிறந்த பழைய ரோமாபுரிக்கும் அதே பொருளைக் கொண்டுபோய் ஒட்டும்போதுதான் கோளாறு. காக்கை கத்தினாலும் கால் இடறினாலும் நடுங்கிப் போகும் மக்களாக ரோமானியரைக் காட்டும் படம் அப்படி உண்டானது. அவர்கள் விட்டுச்சென்ற எழுத்துகளைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 'ஓமென்' என்பது அவர்களுக்குக் காதில் விழுந்த ஒரு பேச்சு. கேட்டவர் ஏற்றால் அது பலிக்கும். தள்ளினால் அவரைத் தொடாது. ஏற்பதும் தள்ளுவதும் கேட்டவரின் உரிமை. அந்த உரிமை வழியில் எங்கோ தொலைந்தது, அச்சம் மட்டும் ஆங்கிலம்வரை வந்து சேர்ந்தது.

'ஓமென்' என்ற லத்தீன் சொல்லின் வேர் எதுவென்று மொழியியலாளர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ரோமானியர் அதை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பது மட்டும் தெளிவு. கி.மு. முதல் நூற்றாண்டில் லத்தீன் மொழியைப் பற்றிப் பெருநூல் எழுதிய வார்ரோ, வாயைக் குறிக்கும் 'ஓஸ்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது, பழைய வடிவம் 'ஓஸ்மென்' என்கிறார். வேர் ஆராய்ச்சியாக இது தேறாமல் போகலாம். வழக்குக்குச் சாட்சியாகத் தேறும். பறவைகளைப் பார்த்துச் சொல்வதற்கு 'அவுஸ்பிசியம்' என்ற தனிச்சொல் இருந்தது. பலி ஆட்டின் ஈரலைப் பார்த்துச் சொல்ல எட்ருஸ்கப் பரம்பரையினர் தனியாக இருந்தார்கள். கல்மழை, இரு தலைக் கன்று போன்றவை 'புரோடிஜியம்' என்ற கணக்கில் சேரும். ஓமென் என்பது முதன்மையாக, நம்மிடம் சொல்லப்படாத ஒரு பேச்சு நம் காரியத்துக்குப் பொருந்தும்படி காதில் விழுவது. பழந்தமிழில் விரிச்சி என்றார்களே, ஏறக்குறைய அதேதான். இரண்டுக்கும் உறவு ஏதும் இல்லை. ஆனாலும் விரிச்சியை அறிந்த தமிழ் வாசகருக்கு ஓமென் சட்டென்று பிடிபடும். ஆங்கிலம் வழியாக மட்டும் வருபவருக்குக் கொஞ்சம் சிரமம்.

சிசரோ கி.மு. 44-இல் எழுதி முடித்த குறியியல் நூலில் இதற்கு இரண்டு அழகான கதைகள் இருக்கின்றன. நூலின் முதல் பாகத்தில் அவர் தம்பி குயின்டஸ் குறிகளை ஆதரித்துப் பேசுகிறார். இரண்டாம் பாகத்தில் சிசரோ தாமே மறுக்கிறார். மறுக்கும் சிசரோ அரசின் அதிகாரபூர்வமான பறவைக்குறிக் குழுவில் கி.மு. 53 முதல் உறுப்பினர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். கதைகளைச் சொல்வது தம்பி. மெட்டெல்லஸ் குடும்பத்துச் செசிலியா, உடன்பிறந்தாள் மகளுக்கு வரன் அமைய விரிச்சி கேட்க ஒரு கோயிலுக்குப் போனாள். நெடுநேரம் எந்தப் பேச்சும் காதில் விழவில்லை. செசிலியா உட்கார்ந்திருந்தாள், நின்று நின்று கால் கடுத்த பெண், கொஞ்சம் நான் உட்காரட்டுமா என்று கேட்டாள். அதற்கென்ன, என் இடத்தை உனக்குத் தருகிறேன் என்றாள் செசிலியா. அதுவே விரிச்சியாகிவிட்டது. சில காலத்தில் செசிலியா இறந்தாள். அந்தப் பெண் அவள் கணவனுக்கே வாழ்க்கைப்பட்டாள். இன்னொரு கதை கி.மு. 168-இல் இரண்டாம் முறை கான்சலான ஏமிலியஸ் பவுலஸ் பற்றியது. மாசிடோனிய மன்னன் பெர்சியஸோடு போரிடும் பொறுப்பு தமக்கு வந்த அன்று மாலை அவர் வீடு திரும்பினார். சின்னப்பெண் டெர்ஷியாவின் முகம் வாடியிருந்தது. என்னம்மா என்று கேட்டதற்கு, பெர்சா செத்துப்போச்சு அப்பா என்றாள். பெர்சா அவள் செல்லமாக வளர்த்த நாய்க்குட்டி. பவுலஸ் மகளை இறுக அணைத்து, அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். அந்த ஆண்டே பிட்னாவில் பெர்சியஸ் தோற்றான். செசிலியாவின் ஒரே சொல் ஒருத்திக்கு மணமும் இன்னொருத்திக்கு மரணமும் ஆனது. டெர்ஷியாவின் அழுகை அப்பாவுக்கு வெற்றியானது. இந்தப் பேச்சுகளில் கெட்டது என்ற முத்திரை எங்கே குத்தியிருக்கிறது?

பவுலஸ் கதையின் உயிர்நாடி 'ஏற்கிறேன்' என்ற வினை. ஓமெனை ஏற்பதற்கு லத்தீனில் நிலைத்த வாசகமே இருந்தது. ஆலோசனை மன்றத்திலும் அது செல்லுபடியானது. கி.மு. 390-இல் காலியர் ரோமை எரித்துவிட்டுப் போன பிறகு, ஊரைக் கைவிட்டு வேயி நகரத்துக்குக் குடிபெயரலாமா என்று செனட் விவாதித்துக்கொண்டிருந்தது. வெளியே காவல் முடிந்து திரும்பிய படைப்பிரிவின் தலைவன், கொடியை இங்கேயே நடு, நாம் இருக்க இதுதான் சரியான இடம் என்று கொடிக்காரனிடம் சொன்னது உள்ளே கேட்டது. செனட்டர்கள் வெளியே வந்து அந்தச் சொல்லை ஏற்பதாக முழங்கினார்கள், விவாதம் முடிந்தது என்று எழுதுகிறார் ரோம வரலாற்றாசிரியர் லிவி. மூத்த பிளினி தம் இயற்கைக் களஞ்சியத்தின் 28-ஆம் நூலில் இந்த விதியை வெளிப்படையாகவே வகுக்கிறார்: குறிகளின் வலிமை நம் கையில் இருக்கிறது, எப்படி ஏற்கிறோமோ அப்படி அவை பலிக்கும். ஒரு காரியத்தைத் தொடங்கும்போதே இவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை என்று அறிவித்துவிட்டவரைத் தீய குறி எதுவும் பாதிக்காது என்பது பறவைக்குறிச் சாத்திரத்தின் கொள்கை என்றும், தெய்வம் காட்டிய கருணையில் இதைவிடப் பெரியது இல்லை என்றும் மெச்சுகிறார். ரோமின் தார்பேயக் குன்றில் கோயிலுக்கு அடித்தளம் தோண்டியபோது மனிதத் தலை ஒன்று கிடைத்ததாம். தலைமை இந்த ஊருக்கு வரும் என்பது அதன் பொருள். விளக்கம் கேட்கப் போன தூதரை எட்ருஸ்கக் குறிகாரர் ஒலேனஸ் காலேனஸ் ஏமாற்றப் பார்த்தார். கோலால் தரையில் கோயிலின் படத்தைக் கீறி, இங்கேதானே தலை கிடைத்தது என்று கேட்டார். ஆமாம் இங்கே என்று வாய் தவறிச் சொன்னால் பாக்கியம் முழுவதும் எட்ருரியாவுக்குப் போய்விடும். முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருந்த தூதர்கள், இங்கே இல்லை, ரோமில் என்று சொல்லித் தப்பினார்கள். விதி எழுதியது எழுதியதே என்று நம்பும் சமூகத்தில் இப்படி ஒரு கதை பிறக்க இடமே இல்லை.

வழக்கங்களும் இதையே சொல்கின்றன. பலி கொடுக்கும் பூசாரி தலையில் முக்காடிட்டுக்கொள்வார், கூட்டத்தை வாயடக்கச் சொல்வார்கள், பக்கத்தில் ஒருவர் விடாமல் குழலூதுவார். வேறு பேச்சு காதில் விழக்கூடாது. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் எதற்கென்று தெரிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. படைக்கு ஆள் எடுக்கும்போது நல்ல பொருள் தரும் பெயர்க்காரரை முதலில் கூப்பிடுவார்கள். தென் இத்தாலியில் மலெவென்டம் என்று ஓர் ஊர். லத்தீன் காதுக்கு அது 'கெட்ட வரவு' என்று கேட்டது. கி.மு. 268-இல் அங்கே குடியேறியபோது 'நல்வரவு' என்று பொருள்படப் பெனெவென்டம் ஆக்கிவிட்டார்கள். இன்றைய பெனெவென்டோ அதுவே.

ஏற்பு என்பது எவ்வளவு தூரம் சட்டம்போல் நடந்தது என்று காட்ட லிவி சொல்லும் ஒரு போர்க்கள நிகழ்ச்சி போதும். கி.மு. 293, சாம்னியரோடு அக்விலோனியாவில் போர். கான்சல் பாப்பீரியஸ் கர்சர் இரவின் மூன்றாம் சாமத்தில் எழுந்து, குறி பார்க்கும்படி கோழிக்காரனை அனுப்பினார். ரோமப் படையோடு கூண்டில் புனிதக் கோழிகள் போகும். தீனி போட்டதும் அவை பாய்ந்து தின்று அலகிலிருந்து இரை தரையில் சிதறினால் உத்தமக் குறி, தின்ன மறுத்தால் போர் கூடாது. அன்று கோழிகள் தீனியைத் தொடவில்லை. படை முழுவதும் சண்டைக்குத் துடித்த வேகம் கோழிக்காரனையும் தொற்றிக்கொண்டது. இரை சிதறியது, குறி உத்தமம் என்று பொய் சொல்லிவிட்டான். கான்சல் மகிழ்ந்து படையை அணிவகுக்கச் சொன்னார். இதற்குள் கோழிக்காரர்களுக்குள் வாய்த்தகராறு. குதிரைவீரர் காதில் அது விழ, கான்சலின் அண்ணன் தம்பி வழி மகன் ஸ்பூரியஸ் பாப்பீரியஸ் தீர விசாரித்துக்கொண்டு வந்து சொன்னான். அவனுடைய அக்கறையைப் பாராட்டிய கான்சல் ஒரு தீர்ப்பும் சொன்னார். குறி பார்ப்பவன் பொய் சொன்னால் பாவம் அவன் தலையில். எனக்கு உத்தமம் என்று அறிவிக்கப்பட்டது, ரோம மக்களுக்கும் படைக்கும் அதுவே குறி. பிறகு கோழிக்காரர்களை முன்வரிசையில் நிறுத்தச் சொன்னார். இரு படையும் மோதுவதற்கு முன்பே எங்கிருந்தோ வந்த ஓர் ஈட்டி, பொய் சொன்னவனைச் சாய்த்தது. தெய்வங்கள் களத்தில் இருக்கின்றன, குற்றவாளி தண்டனை பெற்றான் என்றார் கான்சல். சொல்லி வாய் மூடுவதற்குள் எதிரே ஒரு காக்கை உரக்கக் கரைந்தது. அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டு ஊதுகொம்பை முழக்கச் சொன்னார். ரோமானியர் வென்றார்கள். கோழி உண்மையில் தின்றதா என்பது இங்கே இரண்டாம் பட்சம். முறைப்படி அறிவிக்கப்பட்டது எது, அதிகாரம் உள்ளவர் ஏற்றது எது என்பதுதான் கணக்கு. கான்சல் குறியை ஏமாற்றினார் என்று சொல்லத் தோன்றும். ஏமாற்றுகிறவன் தெய்வம் பார்க்கவில்லை என்று நினைப்பான். பாப்பீரியஸ் தெய்வம் பார்க்கிறது என்று நம்பியதால்தான் கோழிக்காரனை முன்னே நிறுத்தினார்.

இதற்கு உடனே எழக்கூடிய மறுப்பு, குறியைத் தள்ளியவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள்தான் ரோம வரலாற்றில் அதிகம் என்பது. கி.மு. 249-இல் சிசிலியின் திரெபானா துறைமுகத்தில் கிளாடியஸ் புல்கர், கோழிகள் தின்னவில்லை என்றதும், தின்னாவிட்டால் தண்ணீர் குடிக்கட்டும் என்று கடலில் எறியச் சொன்னார், கடற்படையை இழந்தார், ஊர் திரும்பி வழக்கில் பெருந்தொகை அபராதம் கட்டினார். ஐந்து முறை கான்சலான மார்செல்லஸ், தாமே பறவைக்குறிக் குழுவினராக இருந்தும், நினைத்த காரியத்துக்குக் குறி குறுக்கே வந்துவிடாமல் மூடுபல்லக்கில் போவாராம், அவர் கி.மு. 208-இல் ஹன்னிபாலின் ஆட்கள் பதுங்கித் தாக்கியதில் மாண்டார். மறுக்கும் உரிமை இருந்திருந்தால் இவர்களுக்கு ஏன் இந்தக் கதி? முதலில் ஒரு வேறுபாடு. ரோமானியர் குறிகளை இரண்டாகப் பிரித்தார்கள்: நாம் கேட்டு வாங்கியது, கேட்காமல் வந்தது. தள்ளும் உரிமை இரண்டாவதற்கே. கிளாடியஸ் கோழியிடம் கேள்வி கேட்டார், பதில் வந்தது, பதிலைக் கடலில் எறிந்தார். அது உரிமையைப் பயன்படுத்துவது ஆகாது, கேட்டுவிட்டு அவமதிப்பது. மார்செல்லஸ் செய்தது வேறு. கேட்காத குறி கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டது சாத்திரம் தெரிந்தவரின் சாமர்த்தியம். இரண்டாவது, இந்தக் கதைகள் எப்போது சொல்லப்பட்டவை என்று பார்க்க வேண்டும். திரெபானா போரை விரிவாக எழுதியவர்களில் நமக்குக் கிடைக்கும் பழையவர் பாலிபியஸ். 93 கப்பல்கள் எதிரி கையில் சிக்கின என்கிறார். துறைமுக வாயிலில் கப்பல்கள் ஒன்றோடொன்று முட்டியதையும், கரையை ஒட்டி நெருக்கியடித்து நின்றதால் திரும்ப முடியாமல் போனதையும், கார்த்தேஜியரின் கப்பல்கள் வேகமானவை என்பதையும் சொல்கிறார். கோழி என்ற பேச்சே இல்லை. மார்செல்லஸ் சாவுக்கும் அவர் சொல்லும் காரணம், படைத்தலைவன் வேவு பார்க்கத் தானே போகலாமா என்பதுதான். திரெபானா தோல்விக்கும் சிசரோ நூலில் வரும் கோழிக் கதைக்கும் நடுவே 2 நூற்றாண்டுகள். தோல்விக்குக் காரணம் தேடிய பின்வந்தோர் கோழியை எடுத்து முன்னால் நிறுத்தினார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது. ஹன்னிபால் போர்க்காலத்தில் ரோம் உண்மையிலேயே நடுங்கியது. கி.மு. 216-இல் கன்னே தோல்விக்குப் பின் காலிய ஆண் பெண் இருவரையும் கிரேக்க ஆண் பெண் இருவரையும் மாட்டுச்சந்தையில் உயிரோடு புதைத்தார்கள். இந்தக் கொடுமையை நடைமுறை என்றும் உரிமை என்றும் பூசி மெழுக முடியாது; லிவியே இது ரோமானியருக்கு அடுக்காத சடங்கு என்று முகம் சுளிக்கிறார். ஆனால் அங்கே நடந்தது புரோடிஜியத்துக்கான பரிகாரம், ஓமென் வேறு. அந்தப் புரோடிஜியமும் செனட் ஏற்காமல் நாட்டின் கணக்கில் ஏறாது. கி.மு. 169-இல் வந்த செய்திகளில் இரண்டை ஏற்கவில்லை என்று லிவி காரணத்தோடு குறிக்கிறார். ஒருவர் வீட்டு முற்றத்து மழைநீர்த் தொட்டியில் பனைவகை மரம் முளைத்தது; அது தனியார் இடம், தள்ளுபடி. பிரெகெல்லே ஊரில் ஒரு வீட்டில் ஈட்டி ஒன்று பட்டப்பகலில் 2 மணி நேரத்துக்கும் மேலாக எரிந்தும் கருகவில்லை. அது அயலார் ஊர், தள்ளுபடி. எரியும் ஈட்டியையே எல்லை பார்த்துத் திருப்பி அனுப்பிய மன்றத்தை அச்சத்தில் உறைந்த கூட்டம் என்று எப்படிச் சொல்வது? நடுக்கம் வந்த ஆண்டுகள் உண்டு. அவற்றைத் தாண்டி நின்றது நடைமுறை.

அப்படியானால் எல்லாம் அரசியல்வாதிகளின் வேஷம் என்று மறுகோடிக்குப் போவோரும் உண்டு. கி.மு. 59-இல் சீசரின் சட்டங்களை முடக்க, உடன் கான்சல் பிபுலஸ் வீட்டுக்குள் இருந்தபடியே வானத்தைக் கவனிப்பதாக நாள்தோறும் அறிவித்தது அவர்களுக்குப் பிடித்த சாட்சி. நடைமுறை எதுவும் துஷ்பிரயோகம் ஆகும். அதனால் அது நடைமுறை இல்லை என்றாகிவிடாது. இதைவிடச் சிக்கலானது கிராசஸ் விவகாரம். கி.மு. 55-இல் பார்த்தியர்மீது படையெடுக்கப் புறப்பட்டவரை மக்கள் தலைவர் அதேயஸ் கேபிட்டோ தடுத்தார். தீக்குறி கண்டதாக அறிவித்தார். கிராசஸ் போனார், கி.மு. 53-இல் கர்ரேயில் படையோடு அழிந்தார். பிறகு தணிக்கை அதிகாரி அப்பியஸ், குறியை இட்டுக்கட்டியதற்காக அதேயஸைக் கண்டித்தார். அந்தக் குறியால்தான் பேரழிவு வந்தது என்றும் காரணம் எழுதினார். குறி பொய்யென்றால் அழிவு எப்படி அதனால் வரும் என்ற கேள்வி குயின்டஸ் வாயிலேயே வருகிறது. கிராசஸ் புருண்டிசியம் துறைமுகத்தில் கப்பலேறும்போது, கவுனஸ் ஊர் அத்திப்பழம் விற்றவன் 'கவுனேயாஸ்' என்று கூவினானாம். வேகமாகச் சொன்னால் 'கவே நே எயாஸ்', போகாதே, எச்சரிக்கை, என்று கேட்கும். இதைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பாரே என்பவர்களுக்குச் சிசரோவின் பதில்: இதையெல்லாம் எடுத்துக்கொண்டால் கால் இடறினதையும் செருப்பு வார் அறுந்ததையும் தும்மலையும் கணக்கு வைக்க வேண்டிவரும். அத்திப்பழக்காரன் நாள் முழுவதும் கூவியிருப்பான். அன்று கப்பலேறிப் பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தவர்கள் அவனை ஏன் நினைவில் வைக்கிறார்கள்?

ஆங்கிலச் சொல்லின் நேர்முன்னோரான 'ஓமினோசஸ்' என்ற உரிச்சொல்லின் பிறப்பு ரகசியம் இங்கேதான் இருக்கிறது. லத்தீனிலேயே இது கெட்டதைத்தானே குறித்தது என்று கேட்கலாம், குறித்தது. அது அரிதாகவும் பிந்தியும் வழங்கிய சொல். வழங்கிய விதத்தை இளைய பிளினியின் ஒரு கடிதம் காட்டுகிறது. பிரீட்டர் பதவி வகித்த லார்சியஸ் மாசிடோ, அடிமையாக இருந்தவரின் மகன். தன் அடிமைகளிடம் கொடூரமாக நடந்துகொண்டவர். பார்மியே ஊர் மாளிகையில் குளித்துக்கொண்டிருந்தவரை அடிமைகள் சூழ்ந்து தாக்கி, உயிர் இருக்கிறதா என்று பார்க்கக் கொதிக்கும் தரையில் போட்டார்கள். சில நாள் கழித்து இறந்தார். இதை எழுதிய பிளினி பழைய சம்பவம் ஒன்றை நினைவுகூர்கிறார். முன்பொருநாள் ரோமில் பொதுக் குளியலிடத்தில், வழிவிடச் சொல்லி மாசிடோவின் அடிமை ஒரு குதிரைப்படை வகுப்புப் பிரமுகரை இலேசாகத் தொட்டான். திரும்பிய பிரமுகர் அடிமையை விட்டுவிட்டு மாசிடோவையே அறைந்தார், விழாத குறை. பிளினி அதை 'ஓமினோசா' என்கிறார், கூடவே முடிவு காட்டியபடி என்றும் சேர்க்கிறார். அறை விழுந்த அன்று அது வெறும் அறை. மாசிடோ குளியலிடத்தில் கொலையுண்ட பிறகே அது தீக்குறி ஆனது. ஓமென் என்பது கேட்டவர் அந்தக் கணத்தில் ஏற்பது. ஓமினோசஸ் என்பது முடிவு தெரிந்தவர் பின்னாலிருந்து ஒட்டும் சீட்டு. முன்னதில் செய்ய ஏதோ இருக்கிறது, பின்னதில் எதுவும் இல்லை. ஆங்கிலம் பெற்றுக்கொண்டது இந்தப் பின்னதை.

ஏற்பும் மறுப்பும் தாமாகவே தேய்ந்து போகவில்லை. அவற்றுக்குத் தடை வந்தது. கி.பி. 357-இல் பேரரசன் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் குறிபார்ப்போர் எல்லோரும் வாயை மூட வேண்டும் என்று சட்டமிட்டான். அகஸ்டின் இவற்றைப் பேய்களோடு செய்யும் உடன்படிக்கை என்றார். குறியை ஏற்பதும் பாவம், முறைப்படி தள்ளுவதும் அதே பாவம். தள்ளுவதென்றால் குறி என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நடைமுறை போனதும் அச்சம் ஒதுங்க இடமில்லாமல் தனியே நின்றது. மறுப்பைக் குறித்த வினைக்கு நேர்ந்த கதி இன்னும் விநோதம். தீய ஓமெனைத் தள்ளுவதற்கு லத்தீனில் 'அபோமினாரி' என்று பெயர். ஓமெனை அப்பால் விலக்குதல். வெர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியஸ், கேட்காமல் வந்த குறி தன்னைச் சேர்ந்ததென்று கொள்வதா, தள்ளி விலக்குவதா என்பது கண்டவரின் அதிகாரம் என்று சொல்லும் இடத்தில் இந்த வினையைத்தான் ஆள்கிறார். லத்தீன் பைபிள் அதை எடுத்துக் கடவுள் வெறுக்கும் அருவருப்புக்கு ஆக்கியது. அதன் வழியே 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் 'அபாமினபிள்' வந்தது. ஓமெனோடு இருந்த உறவு மறந்துபோய், மனிதத் தன்மைக்கு அப்பாற்பட்டது என்று பொருள் கற்பித்து, இல்லாத ஓர் எழுத்தையும் நடுவில் நுழைத்து எழுதினார்கள். அந்த எழுத்தை உச்சரித்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கும் பண்டிதர் ஒருவரை ஷேக்ஸ்பியர் ஒரு நாடகத்தில் கேலி செய்திருக்கிறார்.

'ஓமென்', 'ஆமினஸ்' இரண்டும் ஆங்கிலத்துக்கு 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான், லத்தீன் படித்தவர்களின் கையால் வந்தன. மறுப்புச் சொல் தேவாலயம் வழியாக இரண்டு நூற்றாண்டு முன்பே வந்து உருமாறியிருந்தது. தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில் அடையாளம் தெரியாமல் குடியிருந்தார்கள். பறவைக்குறியிலிருந்து வந்த 'ஆஸ்பிஷஸ்' அதே காலத்தில் மங்கலச் சொல்லாக உள்ளே நுழைந்தது. லத்தீனில் அதுவும் நல்லது கெட்டது இரண்டுக்கும் பொது. கேட்டு வாங்கும் குறி நல்லதையும் கேட்காமல் வரும் குறி கெட்டதையும் பங்குபோட்டுக்கொண்டன. இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தானே முறைப்படி தொடங்கி வைக்கும் காரியத்தோடு நம்பிக்கை ஒட்டும்; எதிர்பாராமல் வந்து விழுவதோடு, தள்ள வழியும் இல்லை என்றால், அச்சம்தான் ஒட்டும்.

ஆனாலும் ஆங்கிலத்தில் கொஞ்ச காலம் பழைய பொருள் உயிரோடு இருந்தது. பிரான்சிஸ் பேக்கன் 1622-இல் வெளியிட்ட ஏழாம் ஹென்றியின் வரலாற்றில் போப்பாண்டவர் அனுப்பிய சமாதானத் தூதர் ஒருவர் வருகிறார். கன்கார்டியா ஊர் ஆயர். கன்கார்டியா என்றால் இணக்கம். சமாதானத்துக்கு ஏற்ற நல்ல ஆமினஸ் பெயர் இருந்தும் காரியம் நடக்கவில்லை என்கிறார் பேக்கன். இன்றைய ஆங்கில வாசகர் அங்கே வந்ததும் ஒரு கணம் தடுக்குவார்: நல்லதும் ஆமினஸும் எப்படிச் சேரும்? மலெவென்டத்தின் பெயரை மாற்றியவர்களுக்குத் தடுக்கியிருக்காது. சாமுவேல் ஜான்சன் 1755-இல் அகராதி தொகுத்தபோது முதல் பொருளாகக் கெட்டதையும், இரண்டாவதாக நல்லது கெட்டது எதையும் காட்டும் குறி என்ற பொருளையும் கொடுத்து, இரண்டாவதற்குப் பேக்கனின் இந்த வரியையே சான்றாக வைத்தார். அந்த இரண்டாவது பொருள் பிறகு வழக்கொழிந்தது.

ஒரு சொல்லின் பிறப்பு அதன் இன்றைய பொருளைத் தீர்மானிக்காது என்று மொழியறிஞர்கள் எச்சரிப்பார்கள். அதில் தகராறு இல்லை. 'ஆமினஸ்' இன்று திகிலைக் குறிக்கிறது, குறிக்கட்டும். ஆங்கிலக்காரரைத் திருத்தப் போவது என் வேலை அல்ல. இன்றைய பொருளை 2,000 ஆண்டு பின்னே கொண்டுபோய்ப் பவுலஸ் வாயிலும் பாப்பீரியஸ் வாயிலும் திணிப்பதைத்தான் ஆட்சேபிக்கிறேன். தமிழில் ரோம வரலாறு பெரும்பாலும் ஆங்கில நூல்களின் வழியாகவே வருகிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஆங்கில மூலத்தில் 'ஓமென்' என்று கண்டதும் தீநிமித்தம் என்று எழுதிவிடாதீர்கள். விரிச்சி என்று எழுதுங்கள். பழஞ்சொல் என்று தயங்கினால் நிமித்தம் என்று மட்டுமாவது எழுதுங்கள். நல்லதா கெட்டதா என்பதை அதைக் கேட்ட ரோமானியர் அடுத்த வரியில் சொல்வார்.